சீசனில் ஒரு கடற்கரை

ஏப்ரல் 3, வியாழன்

மருமகன் மறுபடி கூப்பிட்டான். ஜெனோவாவில் குளிர் விட்டுவிட்டதாம். "ஜூன் கடைசியில பரீட்சை முடிஞ்சிரும் அத்தை. ஜூலை முதல் வாரம் வாங்க, மூணு பேரும்." சரிப்பா என்று சொல்லிவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை.

இவரிடம் சொல்ல நேரம் பார்த்தேன். டிவியில் சுப்ரீம் கோர்ட் செய்தி. டெல்லியில் தடை தடைதானாம். வருஷம் முழுக்க. பசுமைப் பட்டாசுக்கும் சேர்த்து. சோற்றைப் பிசைந்தவர் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். சொல்லவில்லை.

இவர் வந்தது 7.20.

ஏப்ரல் 5, சனி

காலண்டர் ஆல்பம் வேலை தொடங்கியாச்சு. ஆடிப்பெருக்குக்கு டீலர் கையில் இருக்க வேண்டும். அடுத்த வருஷச் சீனரியில் ஒன்று மனரோலா. மருமகன் சொன்ன அதே ஊர். மலை விளிம்பில் மஞ்சளும் ரோஸும் காவியுமாய் வீடுகள், ஒன்றன் தோளில் ஒன்று. கீழே கடல். கரைப் பாறையில் நீச்சலுடையில் ஒருத்தி குப்புறப் படுத்திருந்தாள்.

"அதை எடுத்துருங்கம்மா. டீலர் ஆர்டர் தர மாட்டான்" என்றார் முதலாளி. பக்கத்துப் பாறையை நகல் எடுத்து அவள் மேல் ஒட்டினேன். முதுகு போய்விட்டது. தலைமுடி போய்விட்டது. இடது பாதம் மட்டும் போக மாட்டேன் என்றது. அதன் நிழல் தண்ணீரில் விழுந்திருந்தது. நிழலையும் சேர்த்து அழிக்க மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.

கண் எரிச்சல். வியர்க்குரு முதுகெல்லாம்.

இவர் வந்தது 7.05.

ஏப்ரல் 7, திங்கள்

சொல்லிவிட்டேன். "ஜூலையிலயா?" என்றார். அவ்வளவுதான். பிறகு குளிக்கப் போனார். கதவுக்கடியில் தண்ணீர் வெள்ளியாய் வழிந்து வந்தது. இத்தனை வருஷமாகத் தேய்த்துக் கழுவியும் அந்தச் சிமெண்ட் தரை மினுமினுக்கிறது.

பட்டாசுக்கு ஜூலைதான் சீசன் என்று எனக்குத் தெரியாதா? வெயில் இருக்கிறவரைக்கும் மருந்து காயும், காய்கிறவரைக்கும் வேலை. தெரிந்துதான் கேட்டேன். ஒரு தடவையாவது "போலாம்" என்று பொய்யாவது சொல்லலாம் இல்லையா.

பாப்பா பங்குனிப் பொங்கல் பொருட்காட்சிக்கு விருதுநகர் போய்விட்டு ராத்திரி வந்தாள். ராட்டினத்தில் சுற்றியது இன்னும் தலைசுற்றுகிறதாம். பொரிச்ச பரோட்டா பார்சல். அத்தை தொடவில்லை, நான் அவர் பங்கையும் தின்றேன். நெஞ்செரிச்சல்.

இவர் வந்தது 7.40.

ஏப்ரல் 9, புதன்

விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று பாப்பா பட்டியல் போட்டிருக்கிறாள். ஆளுக்கு 90 யூரோ. யூரோ விலை இறங்கவே மாட்டேன் என்கிறது. பேங்க் ஸ்டேட்மெண்ட், வருமான வரி, முதலாளியிடம் லீவுக் கடிதம், அவன் அனுப்புகிற அழைப்பு, தங்குமிடம், போக வர டிக்கெட். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

"ஏங்க, உங்களுக்கு ஆலையில எவ்வளவுக்குப் போட்டிருக்காங்க?" என்று கேட்டேன். "இப்ப எதுக்கு?" என்றார்.

எதுக்கோ. கேட்டேன்.

சீட்டை இந்த மாதம் எடுத்தால் டிக்கெட்டுக்குப் பாதி வரும். தள்ளு அதிகம் போகும். போகட்டும்.

இவர் வந்தது 7.15.

ஏப்ரல் 11, வெள்ளி

மதினி போன். வழக்கம்போல மகன் பெருமை. அரசாங்கமே படிக்க வைக்குது, உதவித்தொகை, சாப்பாடு. அப்புறம் குரல் இறங்கியது. "பாப்பாவும் வருதுல்ல?" என்று இரண்டு தரம் கேட்டாள். ஒரு தரம் கேட்டிருந்தால் ஒன்றும் தோன்றியிருக்காது.

அத்தை பக்கத்தில்தான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். போனை வைத்ததும், "முறைப்பையன் இருக்கிற எடத்துக்கு வயசுப் பிள்ளையக் கூட்டிட்டுப் போறது ஊரு பாக்கவா, பொண்ணு காட்டவா?" என்றார். கீரையைப் பார்த்துக்கொண்டே.

கோபம் வந்தது. அத்தை சொன்னது தப்பில்லை என்பதால் இன்னும் கோபம்.

இவர் வந்தது 7.30. கேட்டும் கேளாத மாதிரி படுத்துவிட்டார்.

ஏப்ரல் 14, திங்கள்

விசுவாவசு வருஷப் பிறப்பு. எல்லா சேனலிலும் பலன். எனக்கு வெளிநாட்டுப் பயண யோகம் உண்டாம். தினசரிக் காலண்டர் தாளில் ராசிபலனைப் பக்கம் பக்கமாக ஒட்டுகிறவள் நான். மேஷத்துக்கு இடம் பற்றாவிட்டால் ஒரு வரி குறைத்து "நன்மை" என்று முடித்துவிடுவேன். ஆனாலும் சேனலை மாற்றவில்லை.

பாயசம். இவர் வீட்டில். மத்தியானம் தரையில் படுத்து வரைபடத்தைப் பார்த்தோம், பாப்பாவின் செல்லில். ஜெனோவாவிலிருந்து கரையோரமாகவே ரயில். கிழக்கே போனால் ராப்பல்லோ, அப்புறம் அந்த ஐந்து ஊர்: மோந்தெரோஸோ, வெர்னாஸ்ஸா, கோர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே. மேற்கே போனால் வெந்திமிலியா, எல்லை தாண்டினால் நீஸ். கோர்னீலியாவுக்கு மட்டும் ஸ்டேஷனிலிருந்து படி. கிட்டத்தட்ட 380 படி. என் முட்டிக்கு நான்கு ஊர் போதும்.

இவர் விரலால் தள்ளிப் பெரிதாக்கப் பார்த்தார். திரை நகரவில்லை. இன்னொரு விரல். அதுவும் இல்லை. "செல்லு சரியில்ல" என்றார். ரேஷன் கடை மிஷினும் இப்படித்தான், சரியில்லாமல் போகும். விசாவுக்கும் பத்து விரலையும் வைக்கச் சொல்வார்கள். அதை நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

மனரோலா முதல் புரூஃப் வந்தது. கடல் கத்திரிப்பூ நிறம். திரையில் இருக்கிற நீலம் தாளில் வருவதேயில்லை. மெஜந்தாவைக் குறைத்தேன், பச்சையாகிவிட்டது. சயானை ஏற்றினேன், பெயிண்ட் அடித்த மாதிரி. மிஷின்காரர் சிரித்தார். "யாருக்கும்மா தெரியப் போகுது அங்க கடல் என்ன கலர்னு?"

நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. லீவே இன்னும் கேட்கவில்லை.

இவர் வந்தது 7.10.

ஏப்ரல் 22, செவ்வாய்

மூன்று மணிக்கு வடக்கே கறுத்தது. இடி. மழை வந்தால் தெருவே சந்தோஷப்படும், எனக்கு வயிறு பிசையும். இடி இடித்தால் வேலையை நிறுத்தி எல்லோரையும் ரூமைவிட்டு வெளியே அனுப்ப வேண்டும். இவர்தான் அனுப்ப வேண்டும். கடைசியாக வருகிறவரும் இவர்தான்.

நாலு தூறல். மண் வாசனை. அவ்வளவு பயத்துக்கு அவ்வளவுதான் மழை.

மருமகன் செய்தி அனுப்பியிருந்தான்: ஜூலையில் கடல் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், பயப்படாம இறங்கலாம். பாப்பா அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறாள். எனக்கு வந்த செய்திக்கு அவள் எப்படிப் பதில் போடுகிறாள்? அவளுக்கும் தனியாக வந்திருக்கிறது.

இவர் வந்தது 6.30.

ஏப்ரல் 24, வியாழன்

ராப்பல்லோ! ஜூலை 1, 2, 3 அங்கே மாதா கோயில் திருவிழாவாம். 1557இல் மாதா காட்சி தந்த ஊர். ஊரை ஆறு பகுதியாகப் பிரித்து, பகுதிக்குப் பகுதி போட்டி போட்டு வாணம் விடுவார்கள். கடைசி நாள் கடலுக்குள் நிற்கிற சின்னக் கோட்டையையே வாண வெளிச்சத்தில் தீப்பிடித்த மாதிரி காட்டுவார்கள். மருமகன் வீடியோ அனுப்பினான். இது போன மாதமே தெரியாமல் போச்சே.

இவரிடம் காட்டினேன். வானத்தைப் பார்க்கவே இல்லை. வீடியோவின் நடுவில் பகலில் சிலர் தரையில் சின்னச் சின்ன இரும்புக் குழாய்களை வரிசையாக நட்டு, அதிலிருந்து இதற்கு மருந்துத் தூள் தூவிக்கொண்டே போனார்கள். அதை நிறுத்தச் சொன்னார். மறுபடி போடச் சொன்னார். "கரிமருந்தா? வெறும் கரிமருந்துதானா?"

"எனக்கென்ன தெரியும்?"

"நம்ம கோயில் அதிர்வேட்டுதான் இது. வெடியுப்பு, கந்தகம், கரி. பேரியமே வேண்டாம்." எழுந்து உட்கார்ந்துவிட்டார். "திரிகூட இல்ல பாரு. மருந்தே திரி."

ராத்திரி பதினோரு மணிக்கும் அதே வீடியோ. தூங்கவிடவில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொன்னால், "சத்தத்தைத்தானே கேக்கணும்" என்கிறார்.

வந்தது 7.15. எழுத மறந்திருப்பேன்.

ஏப்ரல் 26, சனி

செல்லில் முதலில் புகைப் படம் வந்தது. ஊர்ப் பெயர் பிறகு வந்தது. அதற்கு நடுவில் இருந்த நேரத்தில் நான் என்னென்ன நினைத்தேன் என்று எழுத மாட்டேன்.

எம்.புதுப்பட்டி பக்கம். இவர் ஆலை சாத்தூர் ரோட்டில். சம்பந்தமில்லை. தெரியும். ஆனாலும் கூப்பிட்டேன். உள்ளே செல் கிடையாது. கேட் நம்பர் பிஸி. பிஸி. பிஸி. இந்த ஊரில் எத்தனை பெண்கள் அந்த நேரத்தில் எத்தனை கேட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களோ.

மூன்று பெண்கள் என்கிறார்கள்.

இவர் வந்தது 5.10. பேசவில்லை. பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அத்தை காபி கொண்டுபோய் வைத்தார், ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

ஆய்வு வருகிறதாம். நாக்பூர் லைசென்ஸ், டிஆர்ஓ லைசென்ஸ் எல்லாவற்றையும் புரட்டுவார்கள். ஆலைக்கு லீவு விட்டுவிட்டார்கள். ரூமில் ஆள் எண்ணிக்கை, மரத்தடியில் மருந்து, எதைப் பார்த்தாலும் எழுதுவார்கள். எழுதட்டும். ஆனால் கூலிக்காரர்களுக்கு இந்த வாரம் என்ன?

இவர் வீட்டில். ஃபேனைக் கழற்றித் துடைத்தார். புழக்கடைக் குழாய் ஒழுகலை நிறுத்தினார். என்னை பிரஸ்ஸில் கொண்டுவந்து விட்டார், வண்டியில். கல்யாணமான புதிதில் போன மாதிரி. சாயங்காலம் கேட் பக்கத்தில் நின்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதவே கூடாது.

ஏப்ரல் 30, புதன்

இன்றும் வீட்டில். மூன்றாவது நாளே மூஞ்சி மாறிவிட்டது. ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு சேனல் சேனலாக. அத்தையோடு வெங்காயத்துக்குச் சண்டை. எப்போது ஆலை திறக்கும் என்று நானே கேட்டுவிட்டேன்.

தீபாவளி அக்டோபர் 20. அதற்கப்புறம் ஆலை மூடிக் கிடக்கும், அப்போது போகலாமா என்று கேட்டேன். அவராகவே மருமகனிடம் கேட்டிருக்கிறார்! அப்போது அங்கே மழைக்காலமாம், அந்த ஐந்து ஊரும் அடைமழையில் கிடக்குமாம். வெயிலில் கிடைக்காத மனுஷனை வைத்துக்கொண்டு மழையில் கடலைப் பார்த்து என்ன செய்ய.

அவராகவே கேட்டிருக்கிறார்.

மே 2, வெள்ளி

ஆலை திறந்தது. வந்தது 7.25. குளியலறையில் வெள்ளி.

மாதம் தள்ளிப் போகிறது. அதனால்தான் எரிச்சல் என்று பாப்பா சொல்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். தண்ணி வரவில்லை, குடம் கணக்கில் வாங்கினோம். குடத்தைத் தூக்கி வைக்கும்போது முட்டி ஒரு சொடுக்கு.

இவருடைய பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். காலாவதி. தெரிந்துதான் இருந்திருக்கிறார். புதுப்பிக்க மதுரை போக வேண்டும், ஒரு நாள் லீவு வேண்டும். "பாப்போம்" என்றார். இந்த வீட்டில் பாப்போம் என்றால் இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்களேன்." பெரிய மனசு மாதிரி சொல்கிறார். நான் அங்கே கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இங்கே மணி ஏழு ஆகுமே, எட்டு ஆகுமே, அதை எப்படிப் பார்ப்பேன்? சொல்லவில்லை. "துணைக்கு ஆள் இல்லாம எப்படிப் போறது?" என்று கத்தினேன்.

மே 7, புதன்

எல்லையில் சண்டை. வடக்கே விமான நிலையங்களை மூடிவிட்டார்கள். மதினி: "இந்த நேரத்துல பறக்கணுமா?" போன வாரம் வரை என்றைக்கு டிக்கெட் என்று கேட்டவள்.

பாப்பா திடீரென்று, "நான் வரலம்மா" என்றாள். ஏன்? "வரல, அவ்வளவுதான்." சாப்பிடவில்லை. மொட்டைமாடியில் ரொம்ப நேரம். போனில் பேச்சு இல்லை. பேச்சு இல்லாததுதான் கவலையாக இருந்தது. போன மாதம் பேச்சு இருந்தது கவலையாக இருந்தது.

இவர் வந்தது 7.30.

மே 9, வெள்ளி

செங்கமலப்பட்டி வெடிவிபத்து நடந்து ஒரு வருஷம். அன்று எட்டுப் பேர் என்றார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பிரஸ்ஸுக்கு பைண்டிங் வேலைக்கு வருகிற அக்கா இன்று வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மனரோலா முடித்துக் கொடுத்துவிட்டேன். கடல் ஒரு மாதிரி வந்துவிட்டது. கீழே தேதிக் கட்டம் போடும்போது 2026 தீபாவளி நவம்பர் 8 என்று சிவப்பு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளுக்கு ஒரு லீவு போச்சு. ஆலைக்காரர்களுக்குக் கூடுதலாக மூன்று வாரம் வேலை.

இவர் வந்தது 8.05. லாரி லோடு ஏற்ற நேரமாகிவிட்டதாம். 7.40இலிருந்து வாசலில் நின்றேன். கால் மரத்துவிட்டது. வந்தவரிடம், "பால் வாங்கிட்டு வரச் சொன்னேன்ல?" என்று சண்டை போட்டேன். சொல்லவேயில்லை நான்.

மே 13, செவ்வாய்

பாப்பா வருகிறாளாம். என்ன நடந்தது, எது சரியானது, ஒன்றும் சொல்லவில்லை. கோர்னீலியா படியையும் ஏறணுமாம். "நீ கீழயே ஒக்காரு, நான் மேல போய்ட்டு வரேன்." யாரோடு என்று கேட்கவில்லை.

அத்தை புதுசாக ஒன்று ஆரம்பித்திருக்கிறார். அவரும் வருவாராம். "கப்பல்லயா போகணும்?" தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிய காலத்தில் லேபிளில் கப்பல் படம் பார்த்ததுதான். விமானம் என்றதும், "அப்ப வேண்டாம்."

இவர் வந்தது 7.00.

மே 16, வெள்ளி

சாயங்காலம் இடி. நல்ல மழை. கரண்ட் போய்விட்டது.

வந்தது 6.15, சொட்டச் சொட்ட. வாசலில் நின்றே கேட்டார்: "அந்தக் குழாய மண்ணுல எவ்வளவு ஆழம் நடுறாங்க?"

"எந்தக் குழாய்?"

"அதான், அந்த ஊர்ல."

துண்டைக் கொடுத்தேன். மருமகனிடம் கேட்கச் சொல்லிவிட்டு, அவனுக்குத் தெரியாது, அங்கே போய்ப் பெரியவர்களிடம்தான் கேட்கணும் என்று அவரே சொல்லிக்கொண்டார். எனக்கு வேறு வேலை இல்லை, கடலுக்குப் போய்க் குழாய் ஆழம் அளந்து வர.

மே 20, செவ்வாய்

விசா மையத்தில் ஜூன் முதல் வாரம் நேரம் கிடைத்திருக்கிறது, சென்னையில். இரண்டு பேருக்கு. பொதிகையில் டிக்கெட் இல்லை, வெயிட்டிங்தான். போட்டோ எடுத்துக்கொண்டோம். வெள்ளைப் பின்னணி, பல் தெரியக் கூடாது. நான் போலீஸ் தேடுகிறவள் மாதிரி இருக்கிறேன். வேலை பிரஸ்ஸில், ஒரு சுருக்கத்தை எடுத்துவிட்டால் என்ன என்று கை பரபரத்தது. படத்தைத் தொட்டால் நிராகரித்துவிடுவார்களாம்.

லீவுக் கடிதம் இன்னும் இல்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். ஆல்பத்தை முடிச்சுட்டு எங்க வேணா போங்கம்மா. ஆடி 18 ஆகஸ்ட் 3இல் வருகிறது. ஏப்ரலிலிருந்து இவர் சீசனைச் சொல்லிச் சொல்லிச் சண்டை போடுகிறேன்.

இவர் வந்தது 7.20.

மே 23, வெள்ளி

பாஸ்போர்ட் புதுப்பிக்க மனு போட்டுவிட்டாராம்! பாப்பாதான் ஆன்லைனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை இல்லாமல். இரண்டு பேருக்கும் சிரிப்பு. மதுரையில் அடுத்த மாதம் நேரம். அது வந்து, விசா வந்து, ஜூலை 1க்குள் நடக்கிற காரியமா? நடக்காது. ஆனாலும் அவர் கை விரலைத் தேங்காய் எண்ணெய் போட்டு ஊறவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "என்னங்க?" என்றால், "சும்மா. வெடிப்பு."

முட்டி வலி இல்லை இன்றைக்கு. ஏன் என்று தெரியவில்லை.

இவர் வந்தது 7.00.

மே 25, ஞாயிறு

மதினி காலையிலேயே போன். பால்கோவா வேண்டாமாம், வழியில் கெட்டுவிடும், சேவு மட்டும் கொண்டுபோகணுமாம். யார் கொண்டுபோகப் போகிறார்கள் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. நானும் பாப்பாவுமா, மூவருமா, ஒருவருமில்லையா. நாளைக்கு முதலாளியிடம் கேட்டுவிட வேண்டும். பதினோரு மணி டீக்கு அப்புறம். அதற்கு முன் கேட்டால் எரிந்து விழுவார்.

இவர் மத்தியானம் சாத்தூர் வரை போய்விட்டு வந்தார். பை நிறைய காராச்சேவு. இரண்டு கிலோ. மருமகனுக்காம். "ஜூலைக்கு இப்பவே வாங்கினா சிக்கு வாடை அடிக்காதா? மூளை இருக்கா?" என்று கத்தினேன். நிஜமாகவே கத்தினேன். தெரு திரும்பிப் பார்த்திருக்கும்.

அத்தை ஒரு பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். பாப்பா கிண்ணம் எடுத்து வந்தாள். நல்ல காரம்.